வயிற்றுக்கு ஒரு கட்டம், மனத்துக்கு ஒரு கட்டம்

நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில் நான் மலாக்காவில் ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிகக் கிராணி, அதாவது எழுத்தர். வேலை நிரந்தரமாக மருத்துவச் சான்று மட்டும் பாக்கி. தலைமைக் கிராணி மணியடித்தாலே எனக்கு வயிறு கலங்கும். உடனே நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பு மறுபடி வயிற்றுக்கு இறங்கும். எது முதலில் தொடங்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சான்றுப் படிவத்தைத் தயாரித்த மேதைக்குத் தெரிந்திருந்தது. வயிற்றுக்கு ஒரு கட்டம், மனத்துக்கு ஒரு கட்டம், நடுவே தடித்த கோடு. முதலாவதில் குறி விழுந்தால் மருந்து கிடைக்கும். இரண்டாவதில் விழுந்தால் வேலை போய்விடும்.

டாக்டருக்காகப் படிவம் நிரப்பும் மருத்துவ உதவியாளரான டிரெஸர் என் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"வயிறு நல்லாதான்லா இருக்கு, தம்பி. நரம்புதான் பயப்படுது. அப்படியே எழுதிரவா?"

"வேணாங்க. சாப்பாடு ஒத்துக்கலன்னு எழுதுங்க."

"எங்க சாப்பிடுறீங்க?"

காஜா பேராங்கில் என் அறைக்குக் கீழே ஓர் அக்கா சோற்றுக்கடை வைத்திருந்தார். அதைச் சொன்னேன். அரசு ஊழியருக்கு உணவால் நோய் என்றால் படிவத்தின் ஒரு நகல் சுகாதார இன்ஸ்பெக்டருக்குப் போகும். எனக்கு இது தெரியாமலில்லை. அந்த நகல்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவனே நான்தான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மிளகாய்ச் சம்பலை முகர்ந்தார், சட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தார். குற்றம் எதுவும் அகப்படாததால் சாக்கடை மூடியில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்து, கடையை இரண்டு வாரம் மூடச் சொன்னார். எந்த விதிப்படி என்று அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும்: அப்படி ஒரு விதியே இல்லை.

அன்று மாலை அக்கா கஞ்சியோடு என் கதவைத் தட்டினார்.

"எவனோ எழுதிப் போட்டிருக்கான், தம்பி. ஒங்களுக்கு ஏற்கெனவே வயிறு சரியில்ல, வெளிய கண்டதையும் தின்னுடாதீங்க."

"சரிங்கக்கா."

"கடையத் தொறக்க ஒரு மனு எழுதிக் குடுங்களேன். நீங்க படிச்சவரு."

மனு போனால் பழைய நகலைத் தேடி எடுப்பார்கள். அதில் என் பெயர் இருக்கும். டிரெஸர் மறுபடி கூப்பிடுவார்.

"மனு போட்டா இன்னும் கோவப்படுவாங்கக்கா. ரெண்டு வாரம் பேசாம இருங்க."

அவர் நம்பினார். படித்தவன் சொன்னால் நம்பிவிடும் காலம் அது. நான் கஞ்சி முழுவதையும் குடித்தேன். மணியோசைக்கே துள்ளிய வயிறு அன்று அசையவே இல்லை. மனத்தின் கட்டம் காலியாக இருந்ததால், கடை திறப்பதற்கு முன்பே எனக்கு நிரந்தர உத்தரவு வந்துவிட்டது.