அடித்தல் திருத்தல் இல்லாத தாள்

பத்திர எழுத்தர் வல்லிநாயகம் தென்காசியில் யாரையாவது மதித்தார் என்று ஒரு ஆள் சாட்சி சொல்ல முடியாது. ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு எதிரே தகரக் கொட்டகையில் சாய்வு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். நிலம் விற்க வருகிறவன் குடித்தே அழித்தவன், வாங்க வருகிறவன் ஊரை அடித்து உலையில் போட்டவன். நடுவில் நிற்கிற தரகனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எழுதிக்கொண்டே இவ்வளவையும் அவர்கள் காதில் விழும்படிதான் சொல்வார். ஆனாலும் கூட்டம் அவரிடம்தான் வரும், ஏனென்றால் கையெழுத்து அப்படி.

முத்து முத்தாக எழுதுவார். பத்திரத்தில் ஒரு எழுத்தை அடித்துவிட்டால் பக்கத்தின் அடியில் 'இந்தப் பக்கத்தில் ஒரு அடித்தல்' என்று குறித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வல்லிநாயகத்தின் பக்கங்களில் பதினெட்டு வருஷமாக அந்த இடத்தில் 'இல்லை' என்ற ஒரே சொல்தான். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். அந்த 'இல்லை'யை வைத்துக்கொண்டுதான் தலையை நிமிர்த்தி நடந்தார்.

இந்தக் கையெழுத்துக்காகத்தான் பெண்கள் பள்ளிக்கூட பாஸ்கெட்பால் போட்டிக்கு ஸ்கோர் எழுத அவரைக் கூப்பிட்டார்கள். வருஷா வருஷம் ஆடி மாசம், சாரல் அடிக்கிற காலத்தில் மூன்று நாள் நடக்கும். முதல் வருஷம் வேண்டா வெறுப்பாகப் போனவர், மறு வருஷமே விதிப் புத்தகம் வாங்கிப் படித்துவிட்டு விசில் ஊதுகிற நடுவருக்கே சட்டம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பந்து வளையத்தில் விழுந்ததும் கூட்டம் கத்தும். அவர் தலையைத் தூக்கி நம்பரைப் பார்ப்பார், தலையைக் குனிந்து எழுதுவார். அந்தத் தாளிலும் ஒரு அடித்தல் கிடையாது.

போட்டியை ஆடி மாசத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. திருநெல்வேலி, மதுரை, கோயமுத்தூர் என்று பெண்கள் கல்லூரிகளிலிருந்து விளையாட்டு மிஸ்கள் வருவார்கள். நன்றாக ஆடுகிற பெண்ணின் பெயரைக் குறித்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்துக்குக் கடுதாசி போடுவார்கள். பிளஸ் டூ பாஸ் பண்ணினால் போதும், சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சும்மா. மற்ற மாசத்தில் வைத்தால் எந்த மிஸ்ஸும் வர மாட்டாள். குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால்தான் அவர்களுக்குப் பெண்களின் திறமை கண்ணுக்குத் தெரியும்.

ஊரே அந்த மூன்று நாளும் இதே பேச்சாகத் திரியும். பந்தைக் கையால் தொட்டறியாத ஜவுளிக்கடை முதலாளிகூட, "இந்த வருசம் நாலாம் நம்பர எடுத்துருவாளுவ பாரு" என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார். பாவூர்சத்திரம் சந்தையில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு பெண்ணையும் பேசியே அமுக்குவார்கள். வல்லிநாயகம் இவர்களைப் புழுவைப் பார்ப்பது போலப் பார்ப்பார். மிஸ்களை அதைவிடக் கேவலமாகப் பார்ப்பார்.

"வந்திருக்காளுவ பாரு, எண்ணெ தேச்சுக் குளிக்க! ஆட்டம் பாக்க வந்த மூஞ்சியா இது?" என்று பக்கத்தில் கடிகாரம் பார்க்கிற நமசிவாயத்திடம் சொல்வார். நமசிவாயம் பயந்த மனிதர். "மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி" என்பார்.

எண்பத்தொன்றாம் வருஷ ஆடியில் வடகரைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று முதல் தடவையாகப் போட்டிக்கு வந்தது. அழைத்து வந்தவர் சுல்தான் பீவி டீச்சர். எட்டுப் பெண்கள், ஏழு சட்டை. நான்கு முதல் பத்து வரை நம்பர் அச்சடித்த ஏழு சட்டையை ஒரு தேங்காய் வியாபாரி தர்மம் பண்ணியிருந்தார். எட்டாவது பெண் மூக்கம்மாளுக்குத் தாளில் பதினொன்று என்று நம்பர் கொடுத்திருந்தார்கள், உடம்பில் போடச் சட்டை இல்லை. யாராவது வெளியே வந்தால், சேலை மறைப்புக்குப் பின்னால் அந்தச் சட்டையைக் கழற்றி வாங்கி, வேர்வையோடு மாட்டிக்கொண்டு இறங்குவாள். அந்தக் காலத்தில் பல டீமுக்கும் இதே கதிதான், நடுவர்களும் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஸ்கோர் எழுதுகிறவர் நம்பருக்கு நேரே பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை எழுத வேண்டும். அதுதான் விதி. வல்லிநாயகத்தை விட அது யாருக்கும் நன்றாகத் தெரியாது.

மூக்கம்மாளின் அப்பா மாடன் வயல் வேலை பார்க்கிறவர். மகளை அனுப்பும்போதே டீச்சரிடம் சொல்லிவிட்டார்: "காலேசுக் கடுதாசி வந்தா அவ படிக்கட்டும் டீச்சர், நான் தடுக்கல. வரலன்னா ஆவணில எங்க அக்கா மவனுக்குக் கட்டி வச்சிருவேன். அவன் ரெண்டு வருசமாக் காத்துக் கெடக்கான்." ஆடி முடியுமுன் கடுதாசி வர வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

முதல் இரண்டு நாளும் மூக்கம்மாள் ஐந்தாம் நம்பரிலும் ஆறாம் நம்பரிலும் இறங்கி நாலும் ஆறுமாகப் போட்டாள். அந்தப் புள்ளிகளை வல்லிநாயகம் சட்டைக்கு உரியவர்கள் பெயரிலேயே ஏற்றினார். "பாயிண்டு டீமுக்குத்தானவே போவுது, எவ போட்டா என்ன!" என்று நமசிவாயத்திடம் சொன்னார். தாளை அழுக்காக்க அவருக்கு மனசில்லை. அவ்வளவுதான் விஷயம்.

மூன்றாம் நாள் வடகரைப் பக்கத்துப் பெண்களுக்கு இறுதி ஆட்டம். ஒன்பதாம் நம்பர் குழல்வாய்மொழி, அரிசி மில்காரர் மகள். ஐந்தே முக்கால் அடி. உயரத்தைத் தவிர அவளிடம் வேறு சரக்கு இல்லை. வளையத்துக்குக் கீழே நின்று பந்து தலையில் விழுமா என்று பார்ப்பாள். முதல் பாதியில் நாலு பாயிண்டு போட்டாள், அதுவும் பந்து அவளைத் தேடி வந்ததால். இடைவேளைக்குச் சற்று முன் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். மதுரைப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து வந்திருந்த விஜயம் மிஸ் அதற்குள் எழுந்து போயாகிவிட்டது. ஐந்தருவியில் கூட்டம் குறைந்திருக்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். கையில் துண்டு, சோப்பு டப்பா, கூட இரண்டு கல்லூரி மிஸ்கள், வாசலில் வாடகைக் கார்.

"போறாளுவ, போறாளுவ! அருவில எவ பந்து போடுதான்னு பாத்துட்டு வரட்டும்" என்றார் வல்லிநாயகம்.

இடைவேளையில் சுல்தான் பீவி டீச்சர் மேசைக்கு வந்தார். "அண்ணாச்சி, ஒம்பதாம் நம்பர் சட்டைல இனி மூக்கம்மாதான் எறங்குதா. பேர மட்டும் மாத்தி எழுதிருங்க. மிஸ்மாருக தாளத்தான் பாப்பாவ."

"எழுதிக்கிடுதேன், போங்க" என்றார் அவர்.

எழுதவில்லை. பேனாவை எடுத்தார், ஒன்பதுக்கு நேரே இருந்த 'குழல்வாய்மொழி'யைப் பார்த்தார். அந்த 'ழ' அவருக்கே பிடிக்கும்படி அமைந்திருந்தது. ஆட்டம் முடியட்டும், பிறகு ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம் என்று பேனாவை வைத்துவிட்டார்.

அந்த இருபது நிமிஷத்தை இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சாரலில் செம்மண் சேறாகிச் சுண்ணாம்புக் கோடு கரைந்து ஓடியது. ஐந்தடிப் பெண், தன் உயரத்துக்குச் சம்பந்தமே இல்லாத சட்டையைப் பாவாடைக்குள் சொருகிக்கொண்டு, வழுக்குகிற தரையில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினாள். இடக்கையால் போட்டாள், வலக்கையால் போட்டாள். முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தது, அதோடும் போட்டாள். இருபத்திரண்டு பாயிண்டு! வல்லிநாயகமே ஒரு தடவை தன்னை மறந்து "அடி சக்கை!" என்று சொல்லிவிட்டு, நமசிவாயம் கேட்டுவிட்டாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். இருபத்திரண்டையும் குழல்வாய்மொழியின் பெயருக்கு நேரே வரிசை பிசகாமல் எழுதினார். வடகரைப் பக்கத்துப் பெண்கள் ஒரு பாயிண்டில் ஜெயித்தார்கள்.

மூக்கம்மாள் சட்டையைக் கழற்றிப் பிழிந்து மடித்து, டீச்சர் சொன்னபடி மேசை ஓரத்தில் கொண்டுவந்து வைத்தாள். "எல்லாம் எழுதிட்டியளா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"எழுதியாச்சு, போ" என்றார். டீச்சர் கடைசி பஸ் போய்விடும் என்று பெண்களைக் கூட்டிச் சேர்ப்பதற்கு ஓடிக்கொண்டிருந்தார். மூக்கம்மாளும் போய்விட்டாள். அப்பா வருவதற்காகக் காத்திருந்த குழல்வாய்மொழி மட்டும் காலில் துணி சுற்றி நாற்காலியில் இருந்தாள்.

அந்த நேரத்தில் கார் வந்து நின்றது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு விஜயம் மிஸ் இறங்கினாள். கையில் மிளகாய் பஜ்ஜிப் பொட்டலம். அதை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தாளை வாங்கினாள்.

"இருபத்தாறு பாயிண்டா! யாரு இந்த ஒன்பது?"

நமசிவாயம் வல்லிநாயகத்தைப் பார்த்தார். வல்லிநாயகம் தாளைப் பார்த்தார். குழல்வாய்மொழி நாற்காலியிலிருந்து மெல்லக் கையைத் தூக்கினாள்.

"நீயா! என்ன ஹைட்! காலுக்கு என்னம்மா?"

"மடங்கிட்டு மிஸ்."

"இந்தக் காலோடயா கடைசி வரைக்கும் ஆடின?"

அந்தப் பெண் ஒரு விநாடி யோசித்தாள். "ஆமா மிஸ்" என்றாள். மில்காரர் மகள் அல்லவா, வருகிற மூட்டையைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லை.

வல்லிநாயகம் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் விஜயம் மிஸ் தாளை உயர்த்திப் பிடித்து, "சார், எத்தனையோ ஊர்ல ஷீட் பாத்திருக்கேன். இவ்வளவு மழையில ஒரு கரெக்ஷன் இல்ல! யுனிவர்சிட்டி மேட்ச்ல கூட இப்படி எழுத ஆளு கிடையாது" என்றாள்.

எவளை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லையோ, அவள் சொன்ன இரண்டு வார்த்தை! வல்லிநாயகத்தின் வாய் கொழுக்கட்டை வைத்தது போல அடைத்துக்கொண்டது. முகத்தில் அசட்டுச் சிரிப்புகூட வந்தது. விஜயம் மிஸ் நோட்டில் பெயரை எழுதிக்கொண்டு, பஜ்ஜிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நமசிவாயமும் வாயைத் திறக்கவில்லை. பயந்தவர்களுக்கு அது ஒரு வசதி.

பன்னிரண்டு நாளில் கடுதாசி வந்தது, குழல்வாய்மொழி பெயருக்கு. சுல்தான் பீவி டீச்சர் மாடனைக் கூப்பிட்டு, "ஏதோ தப்பு நடந்திருக்கு. நான் வெறுமன எழுதுனா நம்ப மாட்டாவ. தென்காசிக்குப் போயி அண்ணாச்சிகிட்ட தாளோட நகல் வாங்கிட்டு வாங்க, அத வச்சு நான் காலேசுக்கு எழுதுதேன்" என்று அனுப்பினார். மாடன் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

கொட்டகையில் வல்லிநாயகம் ஒரு கிரயப் பத்திரத்தில் இருந்தார். மாடன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மூன்று நாள் தாள்களின் கார்பன் நகலும் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். தன் எழுத்தை மறைக்க அவருக்கு வராது, எடுத்துக் கொடுத்தார்.

படிக்கத் தெரியாத மாடன் மகளிடம் நீட்டினார். மூக்கம்மாள் பார்த்தாள். பதினொன்றாம் நம்பர், மூக்கம்மாள். அதற்கு நேரே மூன்று தாளிலும் ஒன்றுமே இல்லை. உள்ளே இறங்கியவர்களுக்குப் போடுகிற பெருக்கல் குறிகூட இல்லை. தாளின்படி அவள் மைதானத்தில் காலே வைக்கவில்லை.

"என்னட்டி போட்டிருக்கு?"

"என் பேருக்கு ஒண்ணுமில்லப்பா. நான் ஆடவே இல்லன்னு இருக்கு."

மாடன் மகளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப மூணு நாளும் எங்கட்டி போயிருந்த? பத்திரம் எழுதுத அண்ணாச்சி பொய்யா எழுதுவாரு? எங்கய்யா நெலத்துக்கே அவருதான் எழுதுனாரு, ஒரு எழுத்துப் பெசகல."

அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். வல்லிநாயகத்தைப் பார்த்தாள். அவர் செய்ய வேண்டியது ஒன்றும் மலையைப் பெயர்க்கிற காரியமில்லை. ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, 'நான் எழுதியது தப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேனா கையில்தான் இருந்தது. எதிரே கிரயப் பத்திரத்துக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆடுனா" என்றார், தொண்டைக்குள்ளேயே. "நல்லாத்தான் ஆடுனா."

"பொறவு ஏன் தாள்ல இல்ல அண்ணாச்சி?" மாடன் குறை சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

வல்லிநாயகம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஒரு பேர அடிச்சு எழுதணும்லா" என்றாள் மூக்கம்மாள். "அவரு தாள் அழுக்காயிரும்ப்பா. வாங்க, போவோம்."

நகலை மேசை மேல் வைத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கிரயப் பத்திரத்துக்காரர்களில் ஒருவர் மட்டும் கனைத்தார்.

இதோடு மனிதர் மாறிவிட்டார் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். மாறவில்லை. கனைத்தவரை முறைத்துவிட்டு விட்ட வரியிலிருந்து எழுதி முடித்தார். பக்கத்தின் அடியில் 'இல்லை' என்றும் போட்டார். ஆவணி பிறந்த இரண்டாவது வாரம் மூக்கம்மாளுக்குக் கல்யாணம் ஆனது. அடுத்த ஆடியிலும் மைதானத்து மேசையில் அவர்தான் உட்கார்ந்திருந்தார், துண்டும் சோப்பு டப்பாவுமாக வந்து இறங்கிய விஜயம் மிஸ்ஸுக்கு எழுந்து வணக்கம் சொன்னார்.