இரண்டாவது தரம் டொக்டரான நிஷானி

நிஷானி டொக்டரான செய்தி நிஷானிக்கே கடைசியாகத்தான் தெரியவந்தது. அந்தப் பட்டத்தைக் கொடுத்தது பல்கலைக்கழகம் அல்ல. மன்னாரிலிருந்து மெல்பேர்ன் வந்து டான்டினோங்கில் குடியிருக்கும் அவளுடைய அம்மா பேர்ள்தான் கொடுத்தார்.

நூறு மீற்றர் ஓட்டத்தில் யாரையும் முன்னே போகவிடாத பெண் நிஷானி. பொப்ஸ்லெட் அணிக்கு ஆள் தேடிய ஒரு பயிற்சியாளர் அவளைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். பனிக்கட்டி வாய்க்காலில் தலைதெறிக்கப் பாய்கிற வண்டி அது. முன்னால் இருப்பவள் ஓட்டுவாள். பின்னால் இருப்பவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, தாவி ஏறி, தலையைக் குனிந்து கிடந்து, கடைசியில் பிரேக்கை இழுக்க வேண்டும். நிஷானிக்குக் கிடைத்தது பின் இடம். பயிற்சியும் பந்தயமும் கனடாவில்.

"படிப்பை விட்டிட்டு கனடாவில போய் வண்டி தள்ளப் போறியோ?" என்று கேட்டார் பேர்ள். "தள்ளிப்போட்டுக் குனிஞ்சு கிடக்கிறதுக்கு ஒரு சம்பியன்ஷிப்பாம்!"

மகள் போய்விட்டாள். ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து ரோல்ஸும் தேத்தண்ணியும் பரிமாறும்போது, பாடகர் குழுவை நடத்தும் டெனிஸ் அங்கிள் கேட்டார்.

"எங்க, மகளைக் காணேல்லை?"

"கனடாவில பிஎச்டி செய்யிறா," என்றார் பேர்ள், கண்ணை இமைக்காமல்.

"எதில?"

"ஐஸில."

"ஆ, காலநிலை மாற்றம்!" மிச்சப் பொய்யை டெனிஸ் அங்கிளே நிரப்பிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு மன்றாட்டில் நிஷானியின் ஆராய்ச்சிக்காகச் செபித்தார்கள். ஆராய்ச்சி என்ற ஒன்றே இல்லாததால் செபம் நேரே வண்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் பருவத்திலும் அடுத்த பருவத்திலும் நிஷானியின் வண்டிதான் கிண்ணத்தைத் தூக்கியது.

"அம்மா, வெண்டிட்டம்!" என்று போனில் கத்தினாள்.

"சந்தோசம் பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

நிஷானிக்குச் சுருக்கென்றது. அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்பது, முழங்கால் தேய்ந்து வீடு திரும்பிய பிறகுதான் விளங்கியது. கோயில் முழுக்க அவளை டொக்டர் என்று அழைத்தது. பிள்ளைகள் பள்ளிக்கூட வேலையைத் தூக்கிக்கொண்டு வந்து துருவக் கரடிகளைப் பற்றிக் கேட்டார்கள். கரடியை அவள் படத்தில்தான் பார்த்திருந்தாள். அம்மாவின் முகத்துக்காகச் சமாளித்தாள்.

ஆனால் மனம் ஆறவில்லை. விட்ட படிப்பை மறுபடி பிடித்தாள். ஓடத் தொடங்கும் கணத்தில் கால் எப்படி உந்துகிறது என்று ஆராய்ந்து, மெய்யாகவே பிஎச்டி முடித்து, விரிவுரையாளரும் ஆனாள். அப்போதுதான் பேர்ளுக்கு வில்லங்கம் வந்தது. ஏற்கெனவே டொக்டரான பிள்ளைக்கு டொக்டர் பட்ட விருந்தை எப்படி வைப்பது?

"விருந்து வேண்டாம். வீட்டில புட்டு அவிப்பம்," என்று நழுவப் பார்த்தார்.

"பார்ட்டி வைக்கத்தான் வேணும், அம்மா. கனடாவில நான் என்ன செய்தனான் எண்டு உங்கட வாயால சொல்லுங்கோ. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

பேர்ள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே மண்டபம் எடுத்தார். டெனிஸ் அங்கிள் மைக்கைப் பிடித்தார். "எங்கட நிஷானிக்கு ரெண்டாவது பிஎச்டி!"

கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது. பேர்ள் தலையை ஒருமுறை ஆட்டினால் போதும், பொய் என்றென்றைக்கும் தப்பிவிடும். நிஷானி அம்மாவையே பார்த்தாள்.

பேர்ள் மைக்கை வாங்கினார். "ரெண்டில்லை, ஒண்டுதான். முதல் சொன்னது என்ர பொய். அப்ப என்ர பிள்ளை ஐஸில வண்டி தள்ளினவ. சம்பியன்."

கடித்த ரோல்ஸோடு எல்லோரும் டெனிஸ் அங்கிள் பக்கம் திரும்பினார்கள்.

"அப்ப நாங்கள் செபிச்சது?" என்றார் டெனிஸ் அங்கிள்.

"அதாலதான் வெண்டவ!" என்றார் பேர்ள்.

சிரிப்பு வெடித்தது. யாரோ போனில் நிஷானியின் பழைய பந்தய வீடியோவைத் தேடி எடுத்தார்கள். எல்லோரும் முண்டியடித்தார்கள். பேர்ள் அன்றுதான் முதன்முதலாக அதைப் பார்த்தார். மகள் ஓடினாள், தாவினாள், வண்டிக்குள் மறைந்தே போனாள். வண்டி சுவரில் இடித்து இடித்துப் பாய்ந்தது. பேர்ள் பக்கத்தில் நின்ற மகளின் கையை இறுக்கிப் பிடித்தார்.

"உள்ளுக்க பயமா இருந்ததோ, பிள்ளை?"

இத்தனை வருடத்தில் அம்மா அதைக் கேட்டதே இல்லை.

"ஓம் அம்மா," என்றாள். "ஒவ்வொருக்காவும்."