நாலு விரல் உயரத்துக்கு ஒரு கூலர்

சூடேறிய தூசியின் மணம் ஞாபகம் இருக்கிறதா? குளிர்காலம் தொடங்கி முதல் நாள் ஹீட்டர் போட்டதும் வீடு முழுக்க வருமே, அந்த மணம். டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்ட்டில் அது நல்ல கோடையிலும் வந்தது...

ரீவிக்குக் கீழே இருந்த எங்கள் கொம்பியூட்டரிலிருந்து!

கொவிட்டுக்கு முந்தைய காலம். நான், கணவர் குகன், அவருடைய அம்மாவான என் மாமி, மூன்று பேருக்கும் ஒரு பெட்ரூம் வீடு. பெரிய கொம்பியூட்டர் வைக்க இடம் ஏது? மோர்னிங்சைட்டில் ஒருவரிடம் செக்கன்ட் ஹாண்டாக வாங்கிய குட்டிப் பெட்டி அது. சப்பாத்துப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். உள்ளே வயருக்கு மேல் வயர். ஃபான் ஹேர் டிரையர் போல அலறும்.

பகலில் பிறம்ரன் வெயார்ஹவுசில் வேலை. வீட்டுக்கு வந்தால் எனக்கு வீடியோ எடிட்டிங் பைத்தியம். அந்த நேரம்தான் என்னோடு வேலை செய்த தர்ஷினிக்குக் கல்யாணம் வந்தது. அவளுடைய அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து போனில் துண்டு துண்டாக எடுத்து அனுப்பிய வாழ்த்தைச் சின்ன வயதுப் படங்களோடு சேர்த்து, ரிசெப்ஷன் ஹோலில் பெரிய திரையில் போடுவதாக நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"அம்மா பக்கத்திலை நிக்கிற மாதிரி இருக்கோணும், என்ன?" என்றாள் தர்ஷினி. அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைவே இல்லை.

எடிட்டிங் முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக மாற்றக் கொடுத்தால், பாதியில் டப்பென்று ஓஃப்! சூடு தாங்கவில்லை. மூடியைக் கழற்றி வைத்துப் பார்த்தோம். மாமி மேசை ஃபானைத் தூக்கி வந்து பக்கத்தில் வைத்தார். காற்று வாங்கிக்கொண்டே திரும்பவும் ஓஃப்.

சரி, சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிற கூலரையே மாற்றுவோம் என்று முடிவாயிற்று. குகன் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். தண்ணீர் ஓடுகிற கூலர் ஒன்று இருக்கிறது என்று வாய் திறந்ததுதான் தாமதம்...

"கறண்டுக்குள்ளை தண்ணியோ? உங்களுக்கென்ன விசரோ?" என்றார் மாமி.

அது எங்கள் கைக்கும் எட்டாத விலை. கோபுரம் மாதிரி உயர்ந்த கூலர் மலிவு, ஆனால் பெட்டியின் மூடி மூடாது. தட்டையானதுதான் வேண்டும். எவ்வளவு தட்டை? சோற்றுக்குத் தண்ணீர் அளக்கிற மாதிரி மாமி உள்ளே கையை வைத்துப் பார்த்தார்.

"நாலு விரல். அதுக்கு மேலை போனா மூடாது."

அளவுகோல் மாமியின் கையில் இருந்ததால் மாமியையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வைத்திருந்த கூலர்களுக்கெல்லாம் பக்கத்தில் மாமி நாலு விரலைப் பிடித்துப் பார்க்க, கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஓர் ஓரத்தில், விலை குறைத்த சேலில், கிடைத்தது பாருங்கள்! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது.

ரிசெப்ஷன் அன்று காலைதான் அதைப் பெட்டிக்குள் பூட்ட நேரம் கிடைத்தது. கூலரின் அடியில் பளபளவென்று செம்பு, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக். குகன் அதில் நகத்தை வைத்தார்.

"உரிக்காதை! புதுச் சாமான். கீறல் விழுந்திடும்," என்றார் மாமி.

எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. ரிமோட்டுக்குப் பொலித்தீன் சட்டை. மைக்ரோவேவ் முகத்தில் கடையில் ஒட்டிவந்த தாள். பிளாஸ்டிக் உறை கழற்றாத சோஃபாவில் இருந்தால் சரசரவென்று சத்தம். அந்த வளர்ப்பில் வந்த குகன் கையை எடுத்துவிட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

போட்டோம். முந்தியாவது பாதி வரை போனது. இப்போது தொடங்கியதும் ஓஃப்!

பாதி கட்டிய சீலையோடு நான் நிலத்தில் இருந்து அழுதுவிட்டேன். தர்ஷினிக்கு என்ன முகத்தோடு சொல்வது? குகன் கூலரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். பிளாஸ்டிக் சுருங்கிப்போய்க் கிடந்தது.

"அம்மா... சூடு வெளியாலை வர வழியில்லை. உந்தப் பிளாஸ்டிக்காலை மூச்சு முட்டிக் கிடக்குது."

மாமி கையை நீட்டினார்.

"தா இஞ்சை," என்று வாங்கித் தன் நகத்தாலேயே உரித்தார். அந்த வீட்டில் மாமி உரித்த முதல் பிளாஸ்டிக் அதுதான்!

சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பழைய பசையைத் துடைத்து, ரியூப்பில் மிஞ்சியதைப் பூசி, திரும்பப் பூட்டினோம். மூடி அழகாக மூடியது. மூன்று தலைகளும் திரையோடு ஒட்டிக்கொண்டு நின்றன. பாதி தாண்டியது... முக்கால் தாண்டியது... மாமி "முருகா, முருகா" என்கிறார்... முடிந்தது! நான் மாமியைக் கட்டிப் பிடித்த பிடியில் சீலை முழுதாகக் கழன்றுவிட்டது.

ஹோலில் விளக்கை அணைத்தார்கள். திரை முழுக்க அந்த அம்மாவின் முகம். "என்ரை குஞ்சு, அம்மா உனக்குப் பக்கத்திலைதான் நிக்கிறன்." தர்ஷினி திரைக்குக் கிட்டப் போய், விம்மி விம்மி அழுதுகொண்டே சிரித்தாள். மாமி என் கையை நசுக்கியபடி பக்கத்து மேசைக்குக் கேட்கச் சொன்னார்: "எங்கடை கொம்பியூட்டரிலை செய்தது!"

இப்போது சொந்த வீடு. கண்ணாடி வைத்த பெரிய பெட்டி, கலர் கலராக லைட், உள்ளே தண்ணீரும் ஓடுகிறது. எவ்வளவு பெரிய வீடியோவுக்கும் சத்தமே இல்லை. முடிந்ததா என்று என்னோடு சேர்ந்து எட்டிப் பார்க்கவும் இப்போது ஒருவரும் வருவதில்லை. அந்தக் குட்டிப் பெட்டியின் அலறலைச் சில நேரம் தேடுகிறேன்.

போன கிழமை தர்ஷினியின் அம்மா ஒருவழியாக மகளின் ஸ்பொன்சரில் இங்கேயே இருக்க வந்து சேர்ந்தார். பார்க்கப் போனோம். அவருக்காக வாங்கிய புது சோஃபாவின் நுனியில், பிளாஸ்டிக் சரசரக்க, விருந்தாளி மாதிரி ஒடுங்கி இருந்தார். மாமி பக்கத்தில் போய் இருந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"உந்தப் பிளாஸ்டிக்கை உரியுங்கோ தங்கச்சி. நல்லாச் சாஞ்சு இருங்கோ. இனி இது உங்கடை வீடு."