ரப்பர் பாலில் ஒட்டிய அட்டைகள்

எங்கள் தோட்டப் பாடசாலையின் கடைசி வகுப்பறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் ஐந்து பேர் கூடுவோம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு வைத்த பெயர் ராக்கெட் பார்ட்டி. மந்திரவாதி, பறக்கும் குதிரை, வேறு கிரகத்து மனிதர் வருகிற நாவல்களைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று எங்களுக்கு ஒரு வீம்பு இருந்தது. கஹவத்தை பஜாரில் பழைய பேப்பர் கடை வைத்திருந்த முதலாளி, கட்டுக்குள் அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் எடுத்து ஒதுக்கி வைப்பார். நான் பஸ்ஸில் போய் வாங்கி வருவேன். தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து நாலு வயது. பிறந்த தோட்டத்திலேயே நியமனம் கிடைத்து டீச்சரானவள். வாய் கொஞ்சம் நீளம்.

கதையைப் பற்றிப் பேசியதைவிட அட்டைப் படத்தைப் பற்றி நாங்கள் சண்டை போட்டதுதான் அதிகம். ஒரு நாவலின் அட்டையில் முழத்துணி கட்டிய ஒருத்தி வாளோடு நின்றாள். கடைசிப் பக்கம் வரை தேடியும் கதையில் அப்படி ஒரு பெண் இல்லை. எங்களில் ஒருவன், தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்த தம்பி, "அட்டக்காரிய காணோம், பொலிஸ்ல ஒரு என்ட்ரி போட்டுருவமா டீச்சர்?" என்று கேட்டான். இன்னொரு நாவலில் சத்தமும் புகையும் இல்லாமல் பறக்கிற கப்பல் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. அட்டையிலோ எங்கள் தேயிலை ஸ்டோரின் புகைக்கூடு தீப்பிடித்த மாதிரி கரும்புகை. வரைந்தவன் கதையை வாசிக்கவே இல்லை என்பதில் எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே அபிப்பிராயம். அந்த ஒன்றில்தான் ஒற்றுமை.

பழைய பேப்பர் கடையில் கிடைத்தவற்றில் பாதிக்கு அட்டையே இருக்காது. அந்தக் குறையைத் தீர்த்தவர் எங்களில் மூத்தவர், கீழ்ப் பிரிவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒரு அண்ணன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவர். புத்தகத்தை இரண்டு தரம் வாசித்த பிறகுதான் பென்சிலை எடுப்பார். கடைகளில் இலவசமாகக் கொடுக்கும் சாமிப் படக் கலண்டரை வருஷம் முடிந்ததும் வாங்கி வைத்துக்கொள்வார். அதன் வெள்ளைப் பின்பக்கத்தில் படம். கோயிலுக்குப் பெயின்ட் அடித்து மிஞ்சியதுதான் வர்ணம். வரைந்ததைப் புத்தக முதுகில் ரப்பர் பால் தடவி ஒட்டி, அம்மிக்கல்லை மேலே வைத்துவிடுவார். அப்படி ஒட்டிய புத்தகத்தில் ஒட்டுப்பால் வாடை போகவே போகாது. மூக்கைப் பொத்திக்கொண்டு வாசிக்கிறோம் என்று நான்தான் முதலில் கேலி செய்தேன்.

அவர் அட்டை போட்ட புத்தகங்கள் மொத்தம் ஐந்து. அதில் ஒன்றுதான் என்னைத் தொந்தரவு செய்தது. அந்த நாவலில் ஒரு கிரகம். வெளிச்சமே இல்லாத ஊர். அந்த ஊர்ப் பெண்கள் தினமும் மலையேறி, பாறையில் முளைக்கிற வெளிச்சப் பாசியைப் பறித்துக் கொண்டுவந்து கீழே நகரத்துக்குக் கொடுப்பார்கள். அவர்களில் ஒருத்திதான் கதாநாயகி. அண்ணன் அவளை வரைந்திருந்தார். இடுப்பில் முரட்டுச் சாக்குத் துணியில் படங்கு கட்டியிருந்தாள். நெற்றியில் கயிறு, முதுகில் கூடை, கூடைக்குள் மஞ்சளாக மினுங்குகிற பாசி. பின்னால் இரண்டு நிலா. நிலாவுக்குக் கீழே நீளமாக ஒரு லயம்.

"அண்ணே, வேற கிரகத்துக்குப் போயும் கொழுந்துக் கூடைதானா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. புத்தகத்தைப் புரட்டி ஒரு இடத்தைக் காட்டினார். "இங்க பாருங்க டீச்சர். அவ ரெண்டு கையாலயும் பறிக்கிறான்னு போட்டிருக்கு. செங்குத்தான பாறைன்னும் போட்டிருக்கு. ரெண்டு கையும் வேணும்னா மூட்டைய வேற எங்க மாட்டுவா? நெத்தியிலதான் மாட்டணும்."

அவர் சொன்னது சரி. அதுவரை நாங்கள் கண்ட எந்த அட்டையும் கதைக்கு அவ்வளவு உண்மையாக இருந்ததில்லை. ஆனால் அந்தப் பெண் ஒரு காலை மேலே வைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து நின்ற விதம் என் அம்மா மலையில் நிற்கிற விதம். அம்மா அப்போதும் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். நான் சேலை கட்டிக் குடை பிடித்துப் பாடசாலைக்குப் போகிற வழியில் அவள் மலையிலிருந்து கூப்பிட்டால், காதில் விழாத மாதிரி நடந்த நாட்கள் உண்டு. அந்தப் புத்தி படைத்தவள் கையில் அந்தப் படம் வந்து சேர்ந்தது.

அந்த வருஷம் டவுன் நூலகத்தில் ஒரு புத்தகக் கண்காட்சி வைத்தார்கள். நூலகப் பொறுப்பாளர் ஒரு சிங்கள அம்மா. தமிழ்ப் புத்தகங்களுக்கும் ஒரு மேசை தருகிறேன், ஆட்கள் இருந்தால் வாருங்கள் என்றார். கொழும்பிலிருந்து ஒரு தமிழ் வாசகர் வட்டமும் வரப்போவதாகச் சொன்னார். மாயக் கதைகளுக்கும் விஞ்ஞானக் கதைகளுக்கும் அட்டைப் படம் எப்படி இருக்க வேண்டும் என்று வாசகர் சார்பில் நான் பேசுவதாக ஏற்பாடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகங்களையும் நானே கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டேன்.

முந்திய ஞாயிறு அண்ணன் போகும்போது வாசலில் நின்று, "சனிக்கிழமைக்கு, வேலைக்குப் பேர் போடுற பெரட்டுல சொல்லிட்டு லீவு போட்டிருக்கேன் டீச்சர்" என்றார். "பத்தரை பஸ்ஸுல வந்துருவோம். வீட்டுக்காரியும் வர்றா. படம் கிறுக்குற நேரத்துக்கு வெறகு பொறுக்கலாம்னு எப்பவும் ஏசுவா. டவுன் லைப்ரரில வைக்கப் போறாங்கன்னு சொன்னதும் வாய மூடிட்டா. கொஞ்சம் முன்னால தெரியிற மாதிரி வச்சிருங்க." சொல்லிவிட்டு வெட்கத்தோடு சிரித்தார்.

வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த ஐந்து அட்டைகளையும் உரித்தேன். நகத்தைக் கொடுத்து மெதுவாக இழுத்தால் காய்ந்த ரப்பர் பால் தோல் மாதிரி முழுசாக எழுந்து வந்தது. ஒரு கிழிசல் இல்லை. பிள்ளைகள் கொப்பிக்குப் போடுகிற பிரவுன் பேப்பரை எடுத்து ஐந்துக்கும் உறை போட்டு, என் நல்ல கையெழுத்தில் தலைப்பு எழுதினேன். உரித்த அட்டைகளைக் குப்பைக்கூடையில் போடப் போனேன். திருப்பினால் பின்பக்கம் பாதி முருகன், இன்னொன்றில் லட்சுமியின் கை. சாமிப் படத்தைக் குப்பையில் போடக் கூடாதே. என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அண்ணனுக்காக அல்ல, முருகனுக்காக.

யுத்தத்தால் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்திப் பை பார்க்கிற காலம் அது. தமிழ் எழுத்தோடு கையால் வரைந்த ராக்கெட் படம் பைக்குள் இருந்தால் ஆயிரம் கேள்வி வரும், அதனால்தான் கழற்றினேன் என்று பல வருஷம் கழித்துக் கிளார்க் தம்பியிடம் மட்டும் சொன்னேன். அவனும் நம்பினான். நம்பக்கூடிய பொய்தான். ஆனால் அதே பைக்குள்தான் அந்தப் படங்கள் டவுன் வரை வந்தன. எனக்கிருந்த பயம் சிப்பாய்க்கு அல்ல. கொழும்பு ஆட்கள் படங்கைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள் என்ற பயம்.

கண்காட்சியில் நன்றாகத்தான் பேசினேன். காணாமல் போன அட்டைக்காரியைப் பற்றிச் சொன்னபோது கொழும்பு வட்டத்தார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதையை வாசிக்காமல் வரைகிறார்கள், எங்கோ பார்த்த படத்தை ஒட்டிவிடுகிறார்கள், எல்லாக் கிரகத்திலும் ஒரே வெள்ளைக்கார முகம் என்று வெளுத்து வாங்கினேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா எழுந்தார். "நீங்க சொல்றது ரொம்பச் சரி. அப்படின்னா கதைக்கு உண்மையா இருக்கிற ஒரு அட்டையை எங்களுக்குக் காட்டுங்களேன்" என்றார்.

பை மேசைக்குக் கீழே, என் காலடியில் இருந்தது. ஒருதரம் குனிந்தால் போதும்.

"அப்படி ஒன்னு இன்னும் யாரும் வரையல" என்றேன். கைதட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் பத்தரை பஸ் வந்துவிட்டது. அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கல்யாணத்துக்கு எடுத்ததாக இருக்க வேண்டும், அரக்குப் பட்டு. இரண்டு பேரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். அங்கே யாரும் செருப்பைக் கழற்றவில்லை. மேசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார்கள். மறுபடியும் பார்த்தார்கள்.

"எங்க, ஒங்க படம் ஒன்னயும் காணோமே?" என்று அவர் மனைவி கேட்டது அந்த அறை முழுவதும் கேட்டது.

அண்ணன் என்னைப் பார்த்தார். கண்ணில் சந்தேகம் இல்லை, விளக்கம் கேட்கிற பார்வைதான். என் வாய் தானாகவே சொன்னது. "வர்ற வழியில கழன்று விழுந்துருச்சுண்ணே. பஸ்ஸுல சரியான சனம். பார்க்கல நான். இங்க வந்துதான் இந்த உறை போட்டேன்."

அவர் வெளிச்சப் பாசிப் புத்தகத்தை எடுத்தார். பிரவுன் பேப்பரை விலக்கி முதுகைக் கட்டைவிரலால் தடவினார். அங்கே காய்ந்த பால் இன்னும் திட்டுத் திட்டாக இருந்தது. உரித்த கை எது என்று அது காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தேன். அவர் வேறொன்றைக் கண்டார்.

"பால்ல தண்ணி கூடிப்போச்சு" என்றார். "அவசரத்துல கலந்தேன். அதான் புடிக்கல."

அவர் மனைவி ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வாங்க, பஸ் போயிரும்" என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. இரண்டு பேரும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனதை நான் மேசைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பை என் காலில் பட்டுக்கொண்டே இருந்தது. ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். அதற்குள் கண்ணாடி போட்ட அம்மா என் விலாசம் கேட்டு வந்துவிட்டார். நான் சிரித்துக்கொண்டு விலாசம் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டு டவுன் பெயரை மட்டும் போட்டேன்.

அந்த அட்டைகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. வெளியே எடுத்தால் பொய் தெரிந்துவிடும், குப்பையில் போட்டால் சாமி குற்றம். இரண்டு வீடு மாறிவிட்டேன். டிரங்குப் பெட்டியின் அடியில் அவையும் கூடவே வந்தன. அம்மா ஒருநாள் பெட்டியைத் துடைக்கும்போது அந்தப் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆரு வரஞ்சது? கயிறு சரியா நெத்தியில குந்தியிருக்கு பாரு" என்றாள். தெரியாது என்று சொன்னேன்.

கண்காட்சிக்கு அடுத்த ஞாயிறு அண்ணன் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். எல்லோருக்கும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். வெளிச்சப் பாசிப் புத்தகத்துக்கு அதே படத்தை மறுபடி வரைந்திருந்தார். இந்த முறை பால் இல்லை. சாக்கு தைக்கிற கோணி ஊசியால், தடித்த நைலோன் நூல் போட்டு, முதுகு நெடுகத் தைத்திருந்தார். ஊசி ஏறிய விரலில் துணி சுற்றியிருந்தது.

"இனி ஆரு இழுத்தாலும் கழராது" என்று புத்தகத்தை என்னிடம் நீட்டினார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி குரலைத் தணித்தார். "அன்னைக்குப் பெரிய ஆளுங்க முன்னால ஒங்கள வெறும் புத்தகத்தோட நிக்க வச்சிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க டீச்சர்."

நான் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, "பரவாயில்லண்ணே" என்றேன்.