இரண்டு பேர் வாசித்த தாள்

ஒரு பெண்ணின் வேலை போனதற்கு நான்தான் காரணம். அவர் என்னிடம் நம்பிச் சொன்னதை, சொல்லக் கூடாத ஒருவரிடம், சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். தெரிந்துதான் செய்தேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். பல தேசங்களில் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஆள்பவர்களையும் படித்தவர்களையும் மக்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்று அறிகிற ஆய்வு ஒன்று, யார் யார் வழியாகவோ என் கைக்கு வந்தது. பரளச்சிக்கு அப்பால் ஒரு சிற்றூரை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே புளியமரத்தடியில் இருந்தவர்கள் என்னை விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

"யாரு அனுப்புனது?"

"ஒரு ஆராய்ச்சி நிறுவனம்."

"அவுகள யாரு அனுப்புனது?"

அது உண்மையிலேயே எனக்கும் தெரியாது.

"ஏலே, சட்டையப் பாத்தா லோனு குடுக்க வந்தவரு மாதிரி இருக்கு."

"லோனு குடுக்கிறவரு எதுக்குலே வெயில்ல நிக்காரு? ரேசன் கார்டுல பேரு வெட்ட வந்திருக்காரு."

அன்று ஒரு வீட்டிலும் பதில் கிடைக்கவில்லை. கடைசியாகப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சமையல்கார அம்மாவிடம் போனேன். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நடக்கிற வேலை, அந்த வீட்டில் இந்த அம்மாவுடைய வேலை ஒன்றுதான்.

"தாள விட்டுட்டுப் போங்க சார். ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்றார்.

காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டேன். ரோடு போட என்று சொல்லி ஊரில் எல்லோரிடமும் ஒருமுறை கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். கண்மாய் மரங்களை வெளியாள் வெட்டிக்கொள்ள ஊர் சம்மதிக்கிறது என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. எழுத்துத் தெரியாத அந்த அம்மா அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தத் தாள் வந்தாலும் அதை இரண்டு பேர் வாசிக்க வேண்டும். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் அருகில் இருக்கக் கூடாது. அந்த வழியில் வரும் பஸ் கண்டக்டர் ஒருவர். திருச்சுழியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் இன்னொருவர். இரண்டு வாசிப்பும் ஒத்துப்போனால்தான் பேச்சு.

அடுத்த வாரம் போனபோது அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கணவரும் இருந்தார்.

"ரெண்டு வாசிப்பும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. பேரு வெளிய வராதுன்னு மேல போட்டிருக்காம்ல? கேளுங்க."

பெரிய பதவியில் இருக்கும் படித்தவர்கள் உங்களைப் போன்றவர்களின் நலனை நினைக்கிறார்களா? எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை என்று மூன்று கட்டங்கள்.

"ஆபீசரு வார அன்னைக்கு மட்டும்னு ஒரு கட்டம் இருக்கா சார்?"

நான் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. "அவுக வாராகன்னா மொத நாளே ஆளு வந்து சொல்லிரும். அன்னைக்குப் பருப்பு கெட்டியா இருக்கும். மத்த நாளெல்லாம் பருப்பு கழுவுன தண்ணிதான். மூட்டை வரும்போதே கொறஞ்சுதான் வருது. தெனம் தூக்குற கைக்குத் தெரியாதா?"

அதிகாரிகளைவிட, மக்களில் ஒருவர் போல இருக்கிற தலைவரின் கையில் எல்லாவற்றையும் கொடுத்துவிடலாமா என்பது அடுத்த கேள்வி. கணவர் முந்திக்கொண்டார்.

"குடுக்கலாம். ஓட்டுக் கேக்க வந்தவரு நம்ம வீட்டுக் கம்மங்கூழ வாங்கிக் குடிச்சாருல்ல?"

"மிச்சம் வச்சாரே, அதச் சொல்லு" என்றார் அந்த அம்மா. "கூழு குடிச்சவரும் ஆபீசரும் டவுனுல ஒரே கார்ல போனதக் கண்டக்டரு பாத்திருக்காரு. நம்ம முன்னாலதான் ரெண்டு பேரும் வேற வேற ஆளு."

நான் படித்த புத்தகங்களில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. ஆனால் அறிக்கையில் நான் எழுதியது வேறு. 'இப்பகுதி மக்களிடம் படித்தவர்கள் மீது காரணமற்ற சந்தேகம் காணப்படுகிறது.'

அந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னோடு படித்து அதிகாரியான நண்பரின் வீட்டில் சாப்பாடு. சத்துணவுக் கூடங்கள் அவருடைய பொறுப்பில் இருந்தன. ஊர் நிலவரம் கேட்டார். 'ஆபீசர் வரும் அன்று மட்டும்' என்ற கட்டத்தை நகைச்சுவையாகச் சொன்னேன். மூட்டை குறைவதையும் சொன்னேன். சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த அவருடைய கை நின்றது.

"எந்த ஊர்ப்பா அது?"

கை நின்றதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் ஊரைச் சொன்னேன். சமையல்காரர் என்றும் சொன்னேன். மக்களின் மனதை அறிந்தவன் என்று ஒரு அதிகாரி என்னை நினைப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை.

மூன்று வாரம் கழித்துப் பஸ்ஸில் கண்டக்டர் என் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட் கிழித்தார். "அந்தம்மாவ நிப்பாட்டிட்டாக சார். சமையக்கட்டுல சுத்தமில்லையாம்." இரண்டு அடி போனவர் திரும்பி வந்தார். "பேரு வெளிய வராதுன்னு நான்தான் வாசிச்சுச் சொன்னேன்."

இரண்டு மாதம் அந்த பஸ்ஸிலேயே நான் ஏறவில்லை. பிறகு ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா திட்டவில்லை. "ரெண்டு பேரு வாசிச்சதும் ஒண்ணாத்தான இருந்துச்சு சார். அப்ப தாளு பொய் சொல்லல, நீங்கதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

போனேன். கைநாட்டு வைக்காத மனு அப்படியே இருந்தது.

"'தவறான தகவலின் பேரில் நீக்கப்பட்டார்'னு எழுதியிருக்காம்ல? தகவலு யாரு குடுத்தது?"

மனுவைக் கையில் வாங்கி அந்த வரியைப் பார்த்தேன்.

"நான் சொன்னது தப்பான தகவலா சார்?"

என்னைக் காப்பாற்றிக்கொள்ள 'தவறான' என்ற அந்த ஒரு சொல்லைப் போட்டிருந்தேன். அவருடைய இரண்டு வாசகர்களும் அதைக் கண்டுபிடித்திருந்தார்கள். அங்கேயே, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பி எழுதினேன். இவர் சொன்னது உண்மை. பெயர் வெளிவராது என்று வாக்குக் கொடுத்து வாங்கிய பதிலை நான் இன்னாருடைய வீட்டில் போய்ச் சொன்னேன். அதனால் இவருடைய வேலை போனது. கல்லூரி முகவரியுடன் என் கையெழுத்தைப் போட்டேன். அதையும் ஒரு வாரம் வைத்திருந்துதான் கைநாட்டு வைத்தார்.

மனு மேலே போனது. நண்பர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கல்லூரியில் என்னை அழைத்து, உனக்கெதற்கு இந்த வேலை என்றார்கள். ஊருக்கு விசாரணையும் வந்தது. முதல் நாளே ஆள் போய்ச் சொல்லிவிட்டதால் அன்று பருப்பு கெட்டியாக இருந்ததாம். குறை ஒன்றும் இல்லை என்று எழுதிப்போனார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து, நண்பர் பதவி உயர்வில் மாறிப்போன பிறகு, அந்த அம்மாவுக்கு மறுபடி வேலை கிடைத்தது. சமையலராக அல்ல, உதவியாளராக. அதுவும் பக்கத்து ஊரில். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். என் மனுவால் கிடைத்ததா, நண்பர் போனதால் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. என் மனுவால்தான் என்று யாராவது சொன்னால் இன்று நான் நம்ப மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், கரி லோடு ஏற்றி வந்த அவருடைய கணவர் என் வீட்டு வாசலில் நின்றார். வேட்டி மடிப்பிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். கண்மாய் மர ஏலம் பற்றிய அறிவிப்பு.

"திருச்சுழிக் கடைக்காரரு தவறிட்டாரு. ஒங்ககிட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லி அவதான் அனுப்புனா."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். மறுத்துவிட்டார். நின்றபடியே என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லையும் விடாமல், கீழே அச்சகத்தின் பெயர்வரை வாசித்தேன்.

"ஊருக்குப் பாதகமா ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அத இன்னொருத்தரும் சொல்லணும்ல சார்."

தாளை என் கையிலிருந்து வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.