முருகனைத் துண்டால் மூடிவிட்டுப் பார்த்த பேய்ப்படங்கள்

அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்லிவிடுகிறேன். நான். மாடி வீட்டு மராத்தி அம்மாள். எல்லோருக்கும் அவர் காகூ, நம் ஊர்ச் சித்தி மாதிரி. எதிர் வீட்டு ஸ்டெல்லா டீச்சர், பக்கத்துக் கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து பத்தே நாளான மங்கை. போர்வைக்குள் என் மகள் சுதா, வயது ஆறு.

ஆக, ஐந்து பேர்.

எண்பதுகளின் நடுவில், புனே பக்கம் பிம்ப்ரியில், கம்பெனி குவார்ட்டர்ஸ். வெளியே விடாத மழை. உள்ளே கொடியில் காயாத துணியின் வாசனை... வெளிச்சம் வராமல் இருக்க ஜன்னலில் மாட்டிய கம்பளியிலிருந்து பாச்சை உருண்டை வாசனை. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் முதுகு சில்லென்று ஆகிவிடும்!

சனி, ஞாயிறு, திங்கள் என்று லீவு சேர்ந்து வந்திருந்தது. எங்கள் வீட்டுக்காரர்கள் கூட்டாக விசிஆர் வாடகைக்கு எடுத்தார்கள். சாயங்காலம் அவர்களுக்குச் சண்டைப் படம், மத்தியானம் நமக்கு என்று பேச்சு. எங்களுக்குக் கேசட் எடுத்து வந்தது ஸ்டெல்லா டீச்சர். நான்கும் பேய்ப்படம்.

"ஏன் டீச்சர், ஒரு பக்திப் படம் கிடைக்கலையா?"

"அதான் உங்க வீட்ல வெச்சுப் பார்க்கறோமே! தினம் விளக்கேத்தற வீடு. பேய் உள்ள வராது, பக்கா!"

எங்கள் வீட்டைப் பிடித்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

எனக்கு மட்டும் மனசு படத்தில் இல்லை. முந்தின நாள் மங்கை ஒரு இன்லேண்ட் கடிதத்தை ஒட்டி என் கையில் கொடுத்திருந்தாள். போஸ்ட் பெட்டி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. "அப்பா வந்து கூட்டிட்டுப் போகட்டும்க்கா. இங்க பேச்சுத் துணைக்கு ஆளு இல்ல" என்றாள். இந்தி தெரியாது, மராத்தி தெரியாது. கணவர் ஷிப்டுக்குப் போனால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்படிக் கிளம்பிப் போகிற பெண் திரும்பி வருவாளோ மாட்டாளோ... நான் யார் அதைத் தடுக்க? வாங்கிய கடிதத்தைப் போடாமல் இருப்பதும் பாவம். லீவு முடிந்து செவ்வாய்க்கிழமைதான் தபால் எடுப்பார்கள். அதுவரை முருகா, நீயே பார்த்துக்கொள் என்று சாமி படத்தடியில் வைத்துவிட்டேன். மங்கையையும் கையோடு இழுத்து வந்து உட்கார வைத்தேன்.

சாமி அலமாரி டிவிக்கு நேர் மேலே. படம் போடும் முன், இந்தக் கண்ராவியை எல்லாம் அவர் ஏன் பார்க்க வேண்டும் என்று துவைத்த ஈரிழைத் துண்டால் முருகனை மூடினேன்.

படம் ஓட ஆரம்பித்தது. பாழடைந்த பங்களா, தானாக ஆடும் நாற்காலி. ஸ்டெல்லா டீச்சர் நடுங்கிப் போய், "அக்கா, துண்ட எடுங்க. சாமியே பார்க்க மாட்டேங்குதுன்னா நாங்க எப்படிப் பார்க்கறது?" என்றார்.

"முடியாது. அபச்சாரம்."

"அப்ப நான் ஜெபம் பண்ணிட்டு வரேன், படத்த நிறுத்தி வைங்க."

அப்போதுதான் மூலையிலிருந்து மங்கை வாயைத் திறந்தாள்.

"ஏக்கா, சாமி டிவிக்கு மேலல்லா இருக்காரு? அவருக்குப் படம் எங்க தெரியும்? நம்ம மூஞ்சில்லா தெரியும்!"

நிமிர்ந்து பார்த்தேன். உண்மைதான். இத்தனை வருஷம் விளக்கேற்றியும் எனக்கு அது தோன்றவில்லை! என் அரைகுறை மராத்தியில் காகூவுக்குச் சொன்னேன். புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மங்கையைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். துண்டை மங்கைதான் எழுந்து எடுத்தாள்.

பேய்ப்படத்துக்குப் பாஷை தேவையே இல்லை. காகூ "ஆயி க!" என்று அலறும் அதே நொடியில் மங்கை "யம்மா!" என்று அலறுவாள். நடுவில் குக்கர் விசில் அடித்து ஐந்து பேரும் சேர்ந்து அலறியதில், எதிர் வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்த ஆண்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

கதாநாயகி எந்தக் கதவுப் பக்கம் போனாலும் காகூ, "தார் உகடூ நகோ!" என்று டிவியைப் பார்த்துக் கத்துவார். கதவைத் திறக்காதே என்று அர்த்தம். திங்கட்கிழமை நான்காவது படம். காகூ டீ குடித்துக்கொண்டிருந்தார். கதாநாயகி கதவில் கை வைத்தாள்.

"தார் உகடூ நகோ, பிள்ள!"

கத்தியது மங்கை.

செவ்வாய்க்கிழமை காலை கடிதத்தை எடுத்துக்கொண்டு குடையோடு கிளம்பினேன். மெதுவாகத்தான் நடந்தேன். மங்கையின் வாசலைத் தாண்டும்போது கதவு திறந்தது.

"ஏக்கா, நில்லுங்க! அதக் குடுங்க. இதப் போடுங்க."

புதிதாக ஒரு இன்லேண்ட்.

"என்ன எழுதியிருக்க?"

"பேய்ப்படம் பார்த்ததுதான், வேற என்ன? அப்பா வர வேண்டாம், முறுக்கு மட்டும் அனுப்பச் சொல்லிருக்கேன். காகூவுக்கும் சேர்த்து."

அன்று போஸ்ட் பெட்டி வரை மழையில் நான் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. குடையை விரிக்கவே மறந்திருந்தேன்.

காகூ இப்போது இல்லை. மங்கை இங்கே பக்கத்தில் சாங்வியில் சொந்த வீட்டில் இருக்கிறாள். அவள் பேசும் மராத்தியைக் கேட்டுக் காய்கறிக்காரர் எந்த ஊர் என்றுகூடக் கேட்பதில்லை. சுதா இன்னும் பேய்ப்படம் பார்க்கிறாள், தன் ரூமில், தனியாக, காதில் ஹெட்போனோடு. எது வேண்டுமானாலும் போனிலேயே வருகிறது. நல்ல வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அலறல் சத்தமே கேட்பதில்லை...

அடுத்த வாரம் சனி, ஞாயிறு, திங்கள் மறுபடி லீவு சேர்ந்து வருகிறது. ஸ்டெல்லா டீச்சர், மங்கை, இரண்டு பேரும் இந்த வாட்ஸ்அப் குரூப்பில்தான் இருக்கிறீர்கள். மூன்று நாளும் இங்கேயே தங்குகிற மாதிரி வாருங்கள். இட்லிக்கு எவ்வளவு ஊறப்போடுவது என்று எனக்குத் தெரிய வேண்டும். வியாழக்கிழமைக்குள் பதில் போடுங்கள்.