எனக்கு என்று சொல்லி வாங்கிய கிடார்

கிடார் கேட்டது என் மனைவி. வாங்கப் போனது நான். யாருக்கு என்று கடையில் கேட்டார்கள். எனக்கு என்று சொன்னேன். நான் செய்த தப்பு இவ்வளவுதான். இதைச் சின்னத் தப்பு என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் இரண்டு லேத்து போட்டு பம்புசெட்டுக்கு ஷாப்ட் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி மூன்று வருடம். அவளுக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். அங்கே கூட இருந்த பெண்ணிடம் ஒரு கிடார் இருந்திருக்கிறது. படித்த காலம் முழுக்க அதில் வாசித்துப் பழகியிருக்கிறாள். படிப்பு முடிந்ததும் அந்தப் பெண் கிடாரைத் தூக்கிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டாள். இவளை எனக்குக் கட்டி வைத்துவிட்டார்கள்.

மூன்று வருடத்தில் அவள் தனக்காக என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

"ஏனுங்க, ஒரு கிடாரு வாங்கிக்கலாமுங்களா? சின்னதாப் போதுமுங்க."

வாங்கலாம் என்றேன். கை நிறைய வேலை இருந்த வருடம் அது. உடனே காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். நைலான் கம்பி. சின்ன உடம்பு. அகலமான கழுத்து. கீழே 'விரலால் மீட்ட' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். நான் அதைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தேன்.

"நானும் வரட்டுங்களா? கையில புடிச்சுப் பாத்தாத்தான் தெரியுமுங்க."

"கடைவீதியில உக்காந்து நீ வாசிச்சுப் பாக்கோணுமாக்கும்? நானே வாங்கியாரேன்."

எனக்கு வெட்கம். அதை வேறு பெயரில் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் பொம்பளை பஜனையில் பாடலாம், ஆர்மோனியம் வாசிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கிடார் என்றால் டிவியில் தலைமுடியை வளர்த்துக்கொண்டு ஆடுகிற பையன்கள் கையில் இருப்பது. என் வீட்டுக்காரி அதை வாசிக்கிறாள் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று இன்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று என்னென்னவோ ஆகிவிடும் போல இருந்தது.

டவுன்ஹாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தக் கடை. கடைக்காரர் ஒரு பாய். ஆர்மோனியம், தபேலா எல்லாம் அவரே ரிப்பேர் பார்ப்பார். நான் போன நேரத்தில் உள்ளே எங்கள் அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை, பங்காளி முறையில் அண்ணன். இரும்பு வார்க்கிற பவுண்டரி வைத்திருந்தார். எனக்கு வேலை கொடுப்பவரும் அவர்தான். கோயில் பஜனைக்கு ஆர்மோனியம் பார்க்க வந்திருந்தார்.

"வாங்க தம்பி. நீங்க எங்க இந்தப் பக்கம்? லேத்துச் சத்தம் பத்துலீங்களா?" என்றார்.

"கிடாரு ஒண்ணு பாக்கலாம்னுங்க."

"கிடாரா? யாருக்குங்க?"

"எனக்குத்தானுங்க அண்ணா."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "செரி போங்க. பம்புசெட்டு ஷாப்டுக்கு இனிமே பாட்டுப் பாடித்தான் டெலிவரி."

பாய் சிரிக்கவில்லை. வேலை தெரிந்த மனிதர். ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துவிட்டுக் கேட்டார்.

"எப்படிங்க வாசிப்பீங்க? பாடிக்கிட்டே கம்பியெல்லாம் சேத்து அடிக்கிறதா, இல்ல ஒவ்வொரு கம்பியா விரல்ல மீட்டுறதா? அதைப் பொறுத்துத்தான் சாமானுங்க."

காலண்டர் தாள் பையில் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் போதும். அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடிக்கிறதுதானுங்க," என்றேன்.

"கையைக் காட்டுங்க."

காட்டினேன். லேத்துப் பட்டறைக் கை. காய்ப்புக் காய்ச்சிக் கிடந்தது. "இந்தக் கைக்கு இரும்புக் கம்பிதான் தாங்குமுங்க. ஆளும் வாட்டசாட்டம். பெரிய உடம்பு கிடாரு பொருந்தும். எவ்வளவுக்குள்ள பாக்கட்டும்?"

"அதைப் பத்தி இல்லீங்க பாய். நல்லதாக் கொடுங்க."

"புதுசாப் பழகறவங்களுக்கு ரொம்ப விலை வேண்டாமுங்க. கைக்கு ஒத்துக்கிட்டாப் போதும்."

அண்ணன் முன்னால் விலை குறைந்ததை எடுக்க என் பவிசு விடவில்லை. மேல் வரிசையில் தொங்கிக்கொண்டிருந்ததைக் கைகாட்டினேன். பாய் என் கையைப் பார்த்து, என் பேச்சைக் கேட்டு, எனக்குச் சரியான கிடாரைத்தான் கொடுத்தார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

வீட்டில் உறையைப் பிரித்ததும் அவள் முகம் விழுந்ததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கம்பியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாருக்குதுங்க," என்றாள்.

எங்கள் பக்கத்து மரியாதையில் இதுதான் கெடுதல். பிடிக்கவில்லை என்றாலும் நல்லாருக்குதுங்க. வலித்தாலும் பரவாயில்லீங்க. கேட்கிறவன் என்னைப் போல முட்டாளாக இருந்தால் அதோடு விட்டுவிடுவான்.

தினம் சாயங்காலம் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். அந்தப் பெரிய உடம்பு அவள் கைக்குள் அடங்காது. தோளைத் தூக்கிக்கொண்டு, கோணிக்கொண்டுதான் எட்டிப் பிடிக்க முடியும். கழுத்து குறுகல், மீட்டுகிற விரல் பக்கத்துக் கம்பியில் போய் இடிக்கும். இரண்டே வாரத்தில் இடது கை விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. காரத்தில் கை பட்டால் உதறிக்கொள்வாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பட்டறைக்கு வர்ற ஆளெல்லாம் மொத மாசம் கை கிழிஞ்சுதான் வேலை கத்துக்கறாங்க. அம்புட்டு விலை கொடுத்து வாங்கியாந்திருக்குது, ஒரு பாட்டு வாசிக்க முடியலியா?"

அவள் மறுபடி அழுத்திப் பிடித்தாள்.

கம்பி கழுத்தை விட்டு உயரமாக நிற்பதால்தான் வலிக்கிறது என்று அப்புறம் நானே கண்டுபிடித்தேன். கோயமுத்தூர்க்காரனுக்கு எந்தச் சாமானைப் பார்த்தாலும் கை அரிக்கும். ஜெர்மனியிலிருந்து வந்த மிஷினாக இருந்தாலும் பிரித்து, நம் பட்டறையிலேயே சரிபண்ணிவிடலாம் என்று நம்புகிற ஊர். ஞாயிற்றுக்கிழமை கிடாரைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கம்பிகளைத் தாங்குகிற வெள்ளைக் கட்டையைக் கழற்றி, ராவி, தட்டையாக்கி மாட்டினேன். வேர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, ரெண்டு பக்கமும் ஒரே உயரம் என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்தக் கம்பியைத் தொட்டாலும் வண்டு மாதிரி கர்ரென்று இரைந்தது.

அவள் இரண்டு நாள் வாசித்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் கிடார் ஹால் மூலையில் நின்றது. நானும் கேட்கவில்லை.

அந்த வாரம் பவுண்டரி அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க மனைவியோடு வந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுத்தார். உட்கார்ந்ததும் அவர் கண் மூலைக்குப் போனது.

"அட, இங்க நிக்குதா! எடுங்க தம்பி, ஒரு பாட்டு வாசிங்க. அன்னிக்குப் பாய் கடையில எனக்குத்தான்னு வாங்குனீங்களே, எம்பட காதுக்கும் கொஞ்சம் புண்ணியம் கெடைக்கட்டும்."

அவள் அப்போதுதான் காபி கொண்டு வந்தாள். முழுவதும் கேட்டுவிட்டாள். என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் என்னை உற்றுப் பார்த்தது அதற்கு முன் இல்லை. பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அவருக்கு விரலெல்லாம் புண்ணாயிருக்குதுங்க மாமா. ஆறட்டும், இன்னொரு நாளைக்கு வாசிப்பாருங்க."

அப்படிச் சொல்லிக்கொண்டே டம்ளரை நீட்டினாள். வெடித்த நுனி டம்ளர் சூட்டில் படாமல் விரல்களை மடக்கிப் பிடித்திருந்தாள். அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. "இந்த வயசுக்கு மேல எதுக்குத் தம்பி உங்களுக்கு இது?" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர்கள் போனதும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே போனேன்.

"வாசிக்கறது நான்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சுங்களா?" திரும்பாமல் கேட்டாள்.

"ஆமா."

"செரிங்க."

அவள் கத்தியிருக்கலாம். கையில் இருந்ததை எறிந்திருக்கலாம். கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த நாளே அவளைக் கூட்டிக்கொண்டு, கிடாரையும் எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். பாய் வெள்ளைக் கட்டையைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"இதை யாருங்க ராவுனது?"

"நாந்தான் பாய்."

"அதான் இத்தனை நேரா இருக்குது! மேல லேசா வளைவு இருக்கோணுமுங்க. தடிக் கம்பி பக்கம் ஒரு இழை ஒசரமாவும் இருக்கோணும்."

"பாய், நான் பொய் சொல்லிப்போட்டேன். வாசிக்கறது எம்பட சம்சாரம். இரும்புக் கம்பியை எடுத்துட்டு நைலான் கட்ட முடியுமுங்களா?"

அவர் அவள் கையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவன்தான். "கட்டுனாலும் சத்தம் வராதுங்க. அதுக்குன்னு வேற சாமான் இருக்குது. அம்மணிய அன்னிக்கே கூட்டியாந்திருந்தா இந்த ரத்தக்காயம் எதுக்குங்க? உக்காருங்கம்மா."

மூன்று கிடார் எடுத்து வைத்தார். அவள் ஒவ்வொன்றாக மடியில் வைத்து, கழுத்தில் கையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். ஒரே மெட்டை மூன்றிலும் மீட்டினாள். சந்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எதுவும் ஆகிவிடவில்லை. கடைசியாக, உடம்பில் கீறல் விழுந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். மூன்றிலும் அதுதான் விலை குறைவு. நான் முதலில் வாங்கியதில் பாதி விலைகூட இல்லை.

"அந்த ஓரத்துல இருக்கறதை எடு. இதைவிட ஒசத்தி," என்றேன்.

"இது கைக்கு ஒத்துக்குதுங்க."

"பணம் கெடக்குது, எடு."

"உங்க மனசு ஆறுறதுக்கு நான் வெலை ஒசத்தியா வாங்கோணுங்களா?" மெதுவாகத்தான் கேட்டாள். பாய் தூசி தட்டுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீறல் விழுந்ததையே வாங்கினோம். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் வீட்டில் நன்றாக இருந்தது. நான் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பாள். ஒரு கம்பி பேசி முடிக்கும் முன்னே அடுத்தது பேசும். அடிக்கவே இல்லை, மீட்டினாள். அந்தக் காலண்டர் தாளில் அடிக்கோடு எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு அண்ணன் வீட்டுக் கல்யாணம் வந்தது. மண்டப வாசலிலேயே என் தோளில் கை போட்டார். சுற்றிலும் சொந்தக்காரர்கள், பட்டறைக்காரர்கள்.

"என்னங்க தம்பி, விரலு ஆறிருச்சா? எப்பங்க கச்சேரி?"

அவள் என் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரே வாக்கியம் போதும். வாசிக்கிறது நான் இல்லீங்க, இவதானுங்க. பாயிடம் சொன்ன அதே வாக்கியம். பாய் அந்நியர், அவரிடம் சொல்வது சுலபம். இது என் சனம்.

"ஆறிருச்சுங்க அண்ணா," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து சோறு போட்டாள், வழக்கம் போலப் பேசினாள். ஆனால் அன்றிலிருந்து இன்று வரை நான் வீட்டில் இருக்கும்போது அவள் கிடாரைத் தொடுவதில்லை. நான் பட்டறையில் இருக்கிற நேரத்தில் வாசிக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நன்றாக வாசிக்கிறாள் என்று சொல்கிறார்கள். என் வண்டிச் சத்தம் கேட்டால் நின்றுவிடுகிறது. ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் பரவாயில்லீங்க என்பாள்.